தாத்தா காலத்துச் சங்கதி

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்கள் கோபுரங்களை அண்ணாந்து பார்ப்பது வழக்கம். நான் காந்தி ரோட்டுக் கடைகளின் பெயர்ப் பலகைகளை அண்ணாந்து பார்க்கிறவன். ஒவ்வொரு பலகையிலும் ஒரு தாத்தா இருப்பார். உள்ளே போனால் அவரே கண்ணாடிச் சட்டத்துக்குள் சந்தனப் பொட்டும் மாலையுமாக, கல்லாப் பெட்டிக்கு நேர் மேலே உட்கார்ந்திருப்பார். கீழே பேரன் உட்கார்ந்திருப்பான். "மூன்று தலைமுறை நம்பிக்கை, சார்" என்று சொல்லிவிட்டுத்தான் அவன் புடவையைப் பிரிப்பான்.

சென்ற ஆண்டு அப்படி ஒரு கடைக்குப் போனேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை, சொன்னால் வம்பு. என் தாயாரின் கல்யாணப் புடவையை அந்தக் கடையில்தான் எடுத்தார்கள் என்பது எங்கள் வீட்டில் ஒரு பெருமை. அந்தக் காலத்துப் பில்லைக்கூட அம்மா புடவை மடிப்பிலேயே வைத்திருந்தாள். அசல் வெள்ளி ஜரிகை என்று அதில் எழுதியிருந்தது. அம்மா போன பிறகு, நைந்துபோன அந்தப் புடவையைப் பழைய பட்டு வாங்குகிறவரிடம் காட்டினோம். அவர் ஜரிகையைச் சுரண்டிப் பார்த்து, உரசிப் பார்த்து, அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "செம்பு" என்றார்.

பணம் ஒன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. அடுத்த தடவை காஞ்சிக்குப் போனபோது பில்லையும் புடவையையும் எடுத்துப் போய்ப் பேரனிடம் காட்டினேன். அவன் மரியாதைக்காரன், காப்பி வரவழைத்தான். புடவையைத் தடவிப் பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னான்:

"அது தாத்தா காலத்துச் சங்கதி, சார். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

நியாயமான பேச்சு. அவன் பிறப்பதற்கு முன்னால் நெய்த புடவை. ஆனால் அவன் தலைக்கு மேலே தாத்தா புன்னகை செய்துகொண்டிருந்தார். அவர் பெயரால் வருகிற வியாபாரம் இவனுடையது. அவர் பெயரால் வருகிற வழக்கு மட்டும் அவருடையதா? பஸ் ஏறுகிற வரையில் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

இங்கே கொஞ்சம் ஸ்காட்லாந்துக்குப் போய்விட்டு வர வேண்டும். காஞ்சிபுரத்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். சம்பந்தம் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜான் டூவர் என்று ஒருவர். எளிய குடியானவர் வீட்டுப் பிள்ளை. 1846-ல் பெர்த் என்ற ஊரில் சாராயக் கடை வைத்தார். சாராயம் என்றால் அவர்கள் கோபித்துக்கொள்வார்கள், விஸ்கி. அவருக்குப் பின் பிள்ளைகள் தலையெடுத்தார்கள். மூத்தவர் ஜான் அலெக்சாண்டரும், இளையவர் தாமஸும் வியாபாரத்தை உலகமெல்லாம் பரப்பினார்கள். 1900-ம் ஆண்டுத் தேர்தலில் இரண்டு பேரும் பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்குப் போனார்கள். அண்ணன் லிபரல் கட்சி, தம்பி கன்சர்வேடிவ் கட்சி! எந்தக் கட்சி ஆண்டாலும் வீட்டுக்கு நஷ்டமில்லை என்கிற இந்த ஏற்பாட்டை நம் ஊர்க்காரர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று நான் வெகு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். 1917-ல் அண்ணன் பிரபு ஆனார். 1919-ல் தம்பியும் பிரபு ஆனார். இவர்களுக்கு நடுவே பிறந்த ஆர்தர் சட்டம் படித்தார். அவரும் பார்லிமெண்டுக்குப் போனார். ஸ்காட்லாந்தின் சொலிஸிட்டர் ஜெனரலாக இருந்து, 1910-ல் நீதிபதியாக அமர்ந்தார். ஒரு கடைக்காரரின் பிள்ளைகளில் இரண்டு பிரபுக்கள், ஒரு நீதிபதி.

இந்தக் கதையின் கடைசிப் பகுதிதான் எனக்குப் பிடித்தது. டூவர் என்ற பெயர் இன்றைக்கும் புட்டியின் மேல் இருக்கிறது. ஆனால் 1998-ல் கைமாறி, கியூபாவில் ரம் காய்ச்சத் தொடங்கிய பக்கார்டி குடும்பத்தின் கம்பெனியிடம் அது போய்விட்டது. பெயர் விலைக்குப் போகிற சரக்கு என்று இதனால் தெரிகிறது. கடையை விற்கும்போது மேஜை நாற்காலிக்கு ஒரு விலை, பெயருக்கு ஒரு விலை போடுகிறார்கள். 'குட்வில்' என்று அதற்குப் பெயர். கெட்ட பெயருக்கு விலை போட்டு வாங்கிக்கொண்டவர் யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை.

இன்னொரு ஸ்காட்லாந்துக் குடும்பம் நமக்கு மிக நெருக்கமானது. ஆர்பத்நாட் என்ற பெயரைச் சென்னையில் ஒரு காலத்தில் தெரியாதவர்கள் இல்லை. வெகு பழைய வம்சம். இங்கிலாந்து ராணி ஆனுக்கு வைத்தியராக இருந்து, 'ஜான் புல்' என்ற பாத்திரத்தை 1712-ல் படைத்துவிட்ட டாக்டர் ஜான் ஆர்பத்நாட் அந்தப் பெயர்க்காரர்தான். சென்னையில் அவர்கள் வியாபாரத்துக்கு வந்து, ஆர்பத்நாட் கம்பெனி என்று நிலைத்தார்கள். பாரி, பின்னி, ஆர்பத்நாட் என்று மூன்றையும் சேர்த்தே சொல்வார்கள். அதே பெயரைக் கொண்ட சர் அலெக்சாண்டர் ஆர்பத்நாட் சென்னை மாகாணக் கல்வி இலாகாவின் முதல் டைரக்டர். 1872-ல் மேயோ பிரபு அந்தமானில் கொலையுண்டு, சென்னைக் கவர்னர் நேப்பியர் தற்காலிக வைசிராயாகக் கல்கத்தாவுக்குப் போனபோது, சில மாதம் சென்னைக்குக் கவர்னராக இருந்தவரும் அவரே. அப்புறம் வைசிராயின் சபையில் அமர்ந்தார். சுதேச மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய 1878-ம் ஆண்டுச் சட்டத்தை ஆதரித்தார். ஆனால் மறு ஆண்டு, லங்காஷயர் ஆலைக்காரர்களுக்காக லிட்டன் பிரபு துணி இறக்குமதி வரியில் கை வைத்தபோது எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். எழுதுகிறவன் என்ற முறையில் அவரைத் திட்டலாம். தறிக்கார ஊரைப் பற்றி எழுதுகிறவன் என்ற முறையில் ஒரு கும்பிடு போடலாம். மனிதர்கள் இப்படித்தான் கலந்து கிடக்கிறார்கள்.

கவர்னர் பெயரும் கம்பெனிப் பெயரும் ஒன்றாயிருந்தால் ஜனங்களுக்கு என்ன தோன்றும்? நம்பிக்கை தோன்றும். உத்தியோகத்திலிருந்து விலகியவர், விதவை, கோவில் தர்மகர்த்தா, சின்ன மிராசுதார் எல்லாரும் ஆயுட்காலச் சேமிப்பை அங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள். 1906-ம் வருஷம் அக்டோபர் 22-ந் தேதி கம்பெனி கதவை மூடியது. கடன்கொடுத்தவர்கள் ஆயிரக்கணக்கில் நின்றார்கள். லண்டனில் இருந்த கூட்டாளி மக்ஃபேடியன் ரயிலின் முன் பாய்ந்து உயிரை விட்டார். கம்பெனித் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. வெள்ளைக்காரர், சர் பட்டம் பெற்றவர், சென்னையில் ஜெயிலுக்குப் போனார் என்பது அந்த நாளில் சாமானியச் செய்தி அல்ல.

பெயரை நம்பிக் கெட்ட பிறகு நம்மவர்களுக்கு ஒரு ரோஷம் வந்தது. வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னால் நின்று, 1907-ல் இந்தியன் பாங்கியை ஏற்படுத்தினார். அதன் பெயரைக் கவனியுங்கள். யாருடைய தாத்தாவின் பெயரும் அதில் இல்லை. இது தற்செயலாகவும் இருக்கலாம். நாவல் எழுதுகிறவனுக்குத் தற்செயல் என்பதில் நம்பிக்கை குறைவு.

சர் ஜார்ஜின் உறவினர்களைச் சென்னையில் யாராவது தெருவில் நிறுத்திக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? "கவர்னர் எங்கள் குடும்பம்" என்று சொல்லியிருப்பார்கள். "கைதி எங்கள் குடும்பம்" என்று சொல்லியிருப்பார்களா? சொல்லவேண்டும் என்றும் நான் வற்புறுத்த முடியாது. ஆனால் முதல் வாக்கியத்தைச் சொல்ல உரிமையுள்ளவனுக்கு இரண்டாவது வாக்கியத்திலிருந்து விடுதலை எப்படிக் கிடைக்கும் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

நம்முடைய பழைய தர்ம சாஸ்திரக்காரர்கள் இந்த விஷயத்தில் பிரமாதமான கணக்குப் பிள்ளைகள். தகப்பன் பட்ட கடனை மகன் அசலும் வட்டியுமாகத் தீர்க்க வேண்டும். பேரன் அசலை மட்டும் தீர்த்தால் போதும், வட்டி வேண்டாம் என்று சொல்லி வைத்தார்கள். அதிலும் ஒரு விலக்கு: குடித்ததற்கும் சூதாடியதற்கும் பட்ட கடனைப் பிள்ளை கொடுக்க வேண்டியதில்லை. (டூவருடைய வாடிக்கைக்காரர்களின் பிள்ளைகள் நம் ஊரில் பிறந்திருந்தால் பிழைத்தார்கள்!) வெள்ளைக்காரன் கோர்ட்டுகளும் இந்தப் புத்திர தர்மத்தை வேறு வேறு மாதிரி வியாக்கியானம் செய்து, வெகு காலம் அமல் செய்துவந்தன. கடைசியில் 2005-ம் வருஷத்துச் சட்டத் திருத்தம், இனிமேல் வாங்கும் கடன்களுக்கு இது செல்லாது என்று முடித்துவிட்டது. நல்ல காரியந்தான். பிறக்கும்போதே தலையில் புரோநோட்டோடு பிறக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? ஆனால் சட்டம் ரத்து செய்தது கடனை மட்டுந்தான். தாத்தா விட்டுப்போன வீட்டையும் பெயரையும் அது தொடவில்லை.

காஞ்சிபுரத்தில் பிறந்த ஒரு மனிதர் இந்தக் கேள்விக்கு வேறு மாதிரி பதில் சொல்லிவிட்டுப் போனார். பச்சையப்பர் 1754-ல் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, துபாஷி உத்தியோகம் பார்த்து, தஞ்சாவூர்ச் சீமையில் வரி வசூல் குத்தகையும் கொடுக்கல் வாங்கலுமாகப் பெரும் பணம் சேர்த்தார். அந்தப் பணம் முழுவதும் பன்னீரில் கழுவிய பணம் என்று நான் சாதிக்க மாட்டேன். அந்தக் காலத்து வரிக் குத்தகை என்றால் என்னவென்று தஞ்சாவூர்க் குடியானவனைத்தான் கேட்க வேண்டும். நாற்பதாவது வயதில், 1794 மார்ச் மாதம், திருவையாற்றில் காலமானார். அதற்குச் சில நாட்களுக்கு முன் ஓர் உயில் எழுதினார். காசி முதல் கன்னியாகுமரி வரை கோவில்களுக்கும் அன்னதானத்துக்குமாகச் சொத்தை ஒதுக்கினார். அப்புறம் உலக வழக்கப்படி எல்லாம் நடந்தது. சொத்து சிக்கியது. ஆண்டுக்கணக்கில் வழக்கு. கடைசியில் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முயற்சியில் சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டு, தர்மம் போக மிஞ்சிய பணத்தைக் கல்விக்குத் திருப்பிற்று. 1842-ல் பள்ளிக்கூடம் வந்தது.

பச்சையப்பருடைய வாரிசு யார் என்று இன்று தெருவில் போகிறவர்களைக் கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் காஞ்சிபுரத்தில், நெசவாளர் குடும்பம் ஒன்றில் 1909-ல் பிறந்த ஒரு பையன் பச்சையப்பன் பள்ளியில் படித்தான். பிறகு சென்னைக்குப் போய்ப் பச்சையப்பன் கல்லூரியில் எம். ஏ. வரை முடித்தான். 1967-ல் ராஜ்யத்தின் முதல் மந்திரி ஆனான். அண்ணாதுரையைத்தான் சொல்கிறேன். அவருடைய அரசியலை ஒப்புக்கொள்கிறவர்களும் ஒப்புக்கொள்ளாதவர்களும் இதைப் படிப்பார்கள். எனக்கு இங்கே அரசியல் முக்கியமில்லை. ஒரு துபாஷியின் பணம் அவனுடைய ரத்தத்தில் போகாமல் ஒரு தறிக்கார வீட்டுப் பையனிடம் போய்ச் சேர்ந்ததே, அந்த வழிதான் முக்கியம். தஞ்சாவூர்க் குடியானவனுக்குப் பட்ட கடன் காஞ்சிபுரத்து நெசவாளிக்குத் தீர்ந்தது. விலாசம் தவறிப் போன மணியார்டர் போல.

தறிக்காரர்களைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று உறுத்துகிறது. மூன்று தலைமுறை கடை வைத்தால் அது 'பாரம்பரியம்'. மூன்று தலைமுறை பார்லிமெண்டுக்கோ ஹைகோர்ட்டுக்கோ போனால் அது 'பெருங்குடும்பம்'. பத்துத் தலைமுறை குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் அதற்கு 'குலத் தொழில்' என்று பெயர். வார்த்தை மாறினவுடன் மாலை காணாமல் போகிறது. ஒரு கோர்வைப் புடவைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து நாடாவைத் தள்ளித்தர ஓர் ஆள் வேண்டும், பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையோ பெண்டாட்டியோ. உடலும் கரையும் வேறு வேறு வண்ணத்தில் ஓடி, பிரியாமல் கோர்த்துக்கொள்ள வேண்டும். இத்தனை செய்து முடித்த புடவையில் எந்த இடத்திலும் நெய்தவன் பெயர் கிடையாது. மடித்துப் போடுகிற பெட்டியில் கடைக்காரரின் தாத்தா பெயர் இருக்கும்.

பிள்ளையார்பாளையத்தில் எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். தறிக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். பேரன் கடையில் காப்பி குடித்த அன்றைக்கே அவர் வீட்டுக்குப் போனேன். செம்பு ஜரிகைக் கதையைச் சொன்னேன். சொல்லும்போது எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "தாத்தா பெயரைப் பலகையில் போட்டுக்கிறான், தாத்தா பில்லை மட்டும் ஒத்துக்க மாட்டேங்கிறான்!" என்றேன்.

அவர் பாவைச் சரிசெய்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "ஐயாவோட தாத்தாகூட இந்த ஊர்ல வக்கீலா இருந்தவர்தானே?" என்றார்.

இருந்தவர்தான். என் முதல் நாவலின் முன்னுரையிலேயே அவரைப் பற்றி எழுதியிருக்கிறேன். கோட்டும் தலைப்பாகையுமாக அவர் படம் என் எழுதுமேஜைக்கு மேலே தொங்குகிறது. எனக்கு வாதம் செய்கிற புத்தி அவரிடமிருந்து வந்தது என்று மேடைகளில் சொல்வேன்.

"எங்க தாத்தா மேல ஒரு சேட்டுக்காக பிராது போட்டது அவர்தான்" என்றார் சிநேகிதர். குரலில் ஒன்றுமில்லை. "நூல் வாங்கக் கைமாத்து. புரோநோட்டு. டிக்ரி ஆயி, வீடு ஏலத்துக்குப் போச்சு. அதோ, அந்த முக்கு வீடு."

முக்கு வீட்டை நான் நூறு தடவை தாண்டியிருக்கிறேன். இப்போது மாடி எடுத்துக் கட்டியிருக்கிறது. எந்த வருஷம் என்று கேட்டேன். சரியாகத் தெரியாது, யுத்தத்துக்கு முன்னால் என்றார். 1938-ல் ராஜாஜி மந்திரிசபை கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அது விவசாயிகளுக்கான சட்டம். தறி மட்டும் வைத்திருந்தவனுக்கு அதில் நிழல் இல்லை. என் தாத்தாவுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கும். கெட்டிக்கார வக்கீல்.

அவர் செய்தது குற்றமில்லை. கட்சிக்காரன் வந்தான், வாதாடினார், ஜெயித்தார். வக்கீல் தொழிலே அதுதான். இத்தனையும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இது காந்தி ரோட்டுப் பேரனின் குரல் மாதிரி இருக்கிறதே என்று பட்டது.

நான் பேசாமல் இருப்பதைப் பார்த்துச் சிநேகிதர்தான் சிரித்தார். "அது தாத்தா காலத்துச் சங்கதி, ஐயா. அதுக்கு நீங்க என்ன பண்ண முடியும்?"

அதே வார்த்தைகள். ஒரே நாளில் இரண்டு வாயால் கேட்டேன். கொடுக்க வேண்டியவன் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. வாங்க வேண்டியவர் சொன்னபோது தலை குனிந்தது. வாக்கியம் ஒன்றுதான், அதைச் சொல்கிற உரிமை யாருக்கு இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது போலும். அவர் சொல்லலாம். நான் சொல்லக் கூடாது. அவர் சொல்லிவிட்டார் என்பதற்காக நான் சும்மா இருந்துவிடலாமா என்றால், அங்கேதான் என் புத்தி தடுமாறிற்று. எந்தப் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது? அந்த வீட்டின் விலையையா, புரோநோட்டின் அசலையா? கொடுத்தால் அவர் வாங்குவாரா? வாங்கினால் அப்புறம் நாங்கள் சிநேகிதர்களாக இருப்போமா?

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து தாத்தாவின் வழக்குக் குறிப்பேடுகளை இறக்கினேன். கறையான் தின்றது போக ஆறோ ஏழோ மிச்சம். நான்கு நாள் தேடினேன். நான்காம் நாள் அகப்பட்டது. 1936-ம் வருஷத்து ஏட்டில், முன்சீப் கோர்ட்டு வழக்கு எண், வாதி பெயர், பிரதிவாதி பெயர், அசல் நூற்று நாற்பது ரூபாய். பக்கத்தில் தாத்தாவின் மணிமணியான கையெழுத்தில், 'பீஸ் ரூ. 12 வரவு'.

அடுத்த வாரம் அதை எடுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையம் போனேன். என்ன சொல்வது என்று ரயிலில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனதெல்லாம் வாசலிலேயே மறந்துவிட்டது. ஏட்டைத் திறந்து காட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, பிரதிவாதி பெயரைப் படித்தார். உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மாளும் வந்து பார்த்தார்.

"தகப்பனார் பேரோட எழுதியிருக்கே" என்றார். "இவர் பேரை எழுத்துல நான் பார்த்ததே கிடையாது, ஐயா. வீட்டுப் பத்திரம்லாம் அப்பவே போயிடுச்சு. ரேஷன் கார்டுக் காலத்துக்கு அவர் இல்லை." கொஞ்சம் தயங்கினார். "இந்தக் காகிதத்தை நான் வெச்சுக்கலாமா?"

ஏடு முழுசாக இருக்கிறது, ஒரு பக்கத்தை எப்படிக் கிழிப்பது என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது உண்மை. தாத்தாவின் கையெழுத்து ஆயிற்றே. பிறகு தறிக்குப் பக்கத்தில் கிடந்த சின்னக் கத்தரியை வாங்கி, தையலோரமாக நறுக்கிக் கொடுத்தேன். அவர் அதைக் கோர்வை அட்டைகள் வைத்திருக்கிற தகரப் பெட்டியில், மடிக்காமல், அடியில் போட்டு மூடினார்.

என் பேத்திக்கு ஒரு புடவை சொல்லியிருந்தேன். அரக்கும் மயில் கழுத்து நிறமும். தறியில் முந்தானை ஏறிக்கொண்டிருந்தது. விலை கேட்டேன். வழக்கமாக நான் பேரம் பேசுகிறவன், அவரும் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறவர். அன்றைக்கு நான் பேசவில்லை. அவரும் குறைக்கவில்லை.